வரி கிடையாதாம்

பாலத்தடியில் வேனை மடக்கிவிட்டார்கள் என்று போன் வந்தபோது அவள் தலையணை உறைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக விட்டு விட்டு மழை. மழை பெய்தால் ஊருக்குக் கொண்டாட்டம், லாண்டரிக்குத் திண்டாட்டம். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி ஈர விரிப்புகளைப் போட்டிருந்தார்கள். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக வேண்டுமென்றால் குனிந்து, துணியை விலக்கி, முகத்தில் ஒட்டிய ஈரத்தைத் துடைத்துக்கொண்டுதான் போக வேண்டும். அப்படிக் குனிந்து போய்த்தான் போனை எடுத்தாள்.

"வண்டிய புடிச்சுட்டாங்க," என்றார் லாண்டரிக்காரர். அவள் புருஷனை அந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"யாருங்க?"

"வரி ஆபீஸ்காரங்க. நம்பரைத் தட்டிப் பாத்தாங்க, வரி கட்டாத வண்டின்னு இறக்கிவிட்டுட்டாங்க. இழுத்துட்டு வந்து அவங்க ஆபீஸ் யார்டுல போட்டாச்சு. நர்சிங் ஹோம் துணி மொத்தமும் உள்ள கிடக்கு."

மதியம் ஆபரேஷன் இருக்கிறது, அதற்குள் விரிப்புகள் வந்தாக வேண்டும் என்று தலைமை நர்ஸ் நேற்றே சொல்லியிருந்தாள்.

"உங்கண்ணன் என்ன சொன்னாரு? வரி கிடையாதுன்னுதானே சொன்னாரு?"

"ம்."

"நல்லா சொன்னாரு. கடையைப் பூட்டிட்டு வா. அவரையும் வரச் சொல்லு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

அண்ணனுக்கு அவள்தான் போன் செய்தாள். லாண்டரிக்காரரிடம் மச்சானின் நம்பரே கிடையாது. மச்சானிடமும் மாப்பிள்ளையின் நம்பர் கிடையாது. இத்தனைக்கும் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் கிழிப்பதற்குள் வந்துவிடும் தூரம்.

சண்டை பெரிய சொத்துச் சண்டை ஒன்றுமில்லை. லாண்டரி திறந்த புதிதில் பெயின்டரான அண்ணன் தன் கையாலேயே பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்தான். லாண்டரிக்காரர் கீழே நின்று பார்த்துவிட்டு, "கடைசி எழுத்து கொஞ்சம் சாயுதே," என்றார். ஏணி மேல் இருந்த அண்ணன், "எழுத்து சாயல, பாக்குறவர் கழுத்து சாயுது," என்றான். அவ்வளவுதான். அன்றைக்கு இறங்கிப் போனவன் இன்றுவரை வாசலோடு சரி. நல்லது கெட்டது எதுவானாலும் பேச்சு அவள் வழியாகத்தான் போகும், வரும்.

சின்ன வயதில் அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் தந்தி. அப்பாவும் அம்மாவும் பேசாத நாட்களில் கூடத்துக்கும் அடுக்களைக்கும் சேதி கொண்டுபோனதால் வந்த பெயர். ஆனால் தந்தியென்றால் உள்ளது உள்ளபடி வர வேண்டும். இந்தத் தந்தி வழியிலேயே முகம் கழுவிப் பவுடர் பூசிக்கொண்டு வரும். "உங்கண்ணனுக்கு என்ன கொழுப்பு" என்று புருஷன் சொன்னால் அண்ணனுக்குப் போய்ச் சேருவது "உன்னை விசாரிச்சார்" என்பதாக இருக்கும். "அந்த மனுஷன் மூஞ்சில நான் முழிக்கணுமா" என்று அண்ணன் சொன்னால், "வேலை அதிகமாம், இன்னொரு நாள் வர்றேன்னான்" என்பாள். பொய் என்று அவள் நினைத்ததில்லை. முரட்டுத் துணிக்குக் கஞ்சியைக் குறைத்துப் போடுவதில்லையா, அது மாதிரி.

வேன் விஷயமும் அப்படித்தான் வந்தது. நர்சிங் ஹோம் துணி முழுவதையும் தருகிறோம், ஆனால் மூடிய வண்டியில்தான் வர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அண்ணன் ஏணியும் வாளியும் ஏற்றி ஓட்டிய வேன் ஒன்று அவன் வீட்டுப் பின்கட்டில் சும்மா நின்றது. அவன் திறந்த பிக்கப்புக்கு மாறிவிட்டான். "சும்மா எடுத்துக்கச் சொல்லு," என்றான் அவன். "ஓசி எனக்கு வேண்டாம், விலை சொல்லச் சொல்லு," என்றார் இவர். நடுவில் அவள் நடையாய் நடந்து ஒரு விலைக்குக் கொண்டுவந்தாள். கடைசியாக ஒரு நாள் அண்ணன் போனில் கூப்பிட்டான். துணி பிழியும் மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"வண்டிக்கு வரி இல்ல. மாப்பிள்ளைகிட்ட மறக்காம சொல்லிடு," என்றான்.

அவள் கொடிகளுக்கு அடியில் குனிந்து போய்ப் புருஷனிடம் சொன்னாள். "அண்ணன் பேசுச்சுங்க. அந்த வண்டிக்கு வரியே கிடையாதாம்."

லாண்டரிக்காரர் முகம் மலர்ந்தது. மச்சான் பேச்சை எடுத்தால் அந்த முகம் மலர்ந்து அவள் பார்த்ததே இல்லை. "பரவாயில்லையே, நல்ல வண்டியாத்தான் குடுக்குறாரு," என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அன்று முழுக்க அவள் வாயில் மிட்டாய் மாதிரி அடக்கி வைத்திருந்தாள்.

இதெல்லாம் பஸ்ஸில் போகும்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அண்ணன் சொன்னது 'இல்ல'. அவள் கொண்டுபோய்ச் சேர்த்தது 'கிடையாது'. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

வரி ஆபீஸில் பெஞ்சு முழுக்க ஈரக் குடைகள். கவுன்ட்டரில் இருந்த அம்மாவுக்கு ஜலதோஷம், பிளாஸ்கில் இருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். லாண்டரிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கை வரை சோப்பில் ஊறி வெளுத்த கை.

"பேர் மாத்தி ஒரு மாசம் ஆச்சும்மா. அப்ப யாரும் வரின்னு ஒரு வார்த்தை கேக்கலையே."

"பேர் மாத்துறது அந்த ஜன்னல், வரி இந்த ஜன்னல்," என்றாள் கவுன்ட்டர் அம்மா. "ஒருத்தர் கட்டுற வரி அவரோட முடிஞ்சிடும்ங்க, வண்டியோட ஒட்டிக்கிட்டு வராது. கை மாறினா வாங்கினவர் புதுசா கட்டணும். கட்டிட்டுத்தான் சக்கரத்தையே உருட்டணும். அதுலயும் இது சரக்கு வேன். எடையப் பாத்து, என்ன வேலைக்கு ஓட்டுறீங்கன்னு பாத்துப் போடுவோம். வீட்டுக் கார் மாதிரி கிடையாது."

"அவர் கட்டவே இல்லையா?"

"அவர் முறையாத்தான் செஞ்சிருக்கார். வண்டி ஓடல, சும்மா நிக்குதுன்னு எழுதிக் குடுத்து வரிய நிறுத்தியிருக்கார். அதுல இருந்து இந்த வண்டிக்கு வரி இல்ல."

அண்ணன் வாயில் வந்த அதே சொல்.

"பாத்தீங்களா, நீங்களே வரி இல்லங்கறீங்க," என்றார் லாண்டரிக்காரர்.

"இல்லன்னா கட்டலன்னு அர்த்தம்ங்க. கட்ட வேண்டாம்னு அர்த்தம் கிடையாது."

"அப்படி வாங்க வழிக்கு. என் மச்சான் இல்லன்னு சொல்லலம்மா. கிடையாதுன்னார். கிடையாதுன்னா என்ன? கேள்விக்கே இடமில்லன்னுதானே? என் வீட்டுக்காரிகிட்டயே கேளுங்க, அவகிட்டதான் சொன்னார்."

கவுன்ட்டர் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளைப் பார்த்தாள். "அப்படியாம்மா சொன்னார்?"

இப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. புருஷன் திரும்பிப் பார்த்தார். அந்தத் தாடை இறுகினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவளுக்கே விளங்காத ஆட்டம். மற்றவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"அப்படின்னா தப்புதான்," என்றாள் கவுன்ட்டர் அம்மா. "தப்பாச் சொல்லி வித்தார்னு புகார் எழுதிக் குடுங்க. அவரும் ஒத்துக்கிட்டா அபராதம் அவருக்கு, வரி மட்டும் உங்களுக்கு. ஆனா அவர் பேர் பதிவாகிடும்."

"பதிவானா என்ன ஆகும்?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை, இரண்டாம் முறை கேட்டாள்.

"அரசாங்க வேலை எதையும் எடுத்துச் செய்ய முடியாது."

அண்ணனுக்கு இப்போதுதான் அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வெள்ளையடிக்கிற வேலை கிடைத்திருந்தது. சாரக் கம்புகூட வந்து இறங்கிவிட்டது. இந்த வேலையை நம்பித்தான் கூடுதலாக ஆள் சேர்த்திருந்தான்.

"என்னங்க, அவசரப்படாதீங்க. அண்ணன் வரட்டும்."

"வரட்டும். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்," என்று பேனாவை வாங்கினார் லாண்டரிக்காரர். "ஒரு எழுத்து சாயுதுன்னு சொன்னதுக்கு இத்தனை வருஷம் கழிச்சு என்னைக் கவுத்துட்டார்."

அண்ணன் வந்து சேர்ந்தபோது கையெல்லாம் சுண்ணாம்பு. செருப்பை வாசலில் உதறி ஈரத்தைத் தட்டிவிட்டு வந்தான். மாப்பிள்ளையை நேராகப் பார்க்காமல் கவுன்ட்டரைப் பார்த்து நின்றான். மாப்பிள்ளையும் சுவரைப் பார்த்து நின்றார்.

"நீங்கதானே வித்தது? வரி பத்தி என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன், வண்டிக்கு வரி இல்ல..."

"கிடையாதுன்னு சொன்னதா இவர் எழுதியிருக்கார்."

அண்ணன் மெதுவாகத் திரும்பித் தங்கையைப் பார்த்தான். அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள், விரல் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. தந்தியை அவனுக்குத் தெரியாதா என்ன.

"ஆமாங்க," என்றான். "கிடையாதுன்னுதான் சொன்னேன்."

"கட்டணும்னு உங்களுக்குத் தெரியுமே. நீங்கதானே நிறுத்தினது?"

"வாய் தவறிடுச்சு."

"இதுல கையெழுத்துப் போட்டா பேர் போகும், தெரியும்ல?"

"போடுறேன், குடுங்க."

கவுன்ட்டர் அம்மா அவனையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். அவன் கையெழுத்துப் போட்டதும் தாளைச் சொருகி வைத்தாள். "இது நாளைக்குக் காலையிலதான் மேல போகும். போயிட்டா அப்புறம் மாத்த முடியாது," என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ஆனாலும் தனக்குத்தான் சொல்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது.

வரியைக் கட்டினாலும் வண்டி நாளைக்குத்தான் வெளியே வருமாம். துணியை எடுத்துக்கொள்ள விட்டார்கள். மழையில் மூட்டை மூட்டையாக அண்ணனின் பிக்கப்பில் ஏற்றி, பெயின்ட் சொட்டுகள் காய்ந்து கிடந்த தார்ப்பாயால் மூடினார்கள். இரண்டு ஆண்களும் ஒரு மூட்டைக்கு ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னால் தாராளமாக மூன்று பேர் உட்காரலாம். லாண்டரிக்காரர் பின்னால் ஏறித் தார்ப்பாய்க்கு அடியில் மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்துகொண்டார்.

"மாப்பிள்ளைய முன்னாடி வரச் சொல்லேன், நனைவாரு," என்றான் அண்ணன்.

"வரமாட்டார்."

"துணி நனையக் கூடாதுன்னு பிடிச்சுக்க உக்காந்திருக்கார்னு சொல்லு," என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

நர்சிங் ஹோம் பின்வாசலில் தலைமை நர்ஸ் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். ஒவ்வொரு மூட்டையிலும் கையை விட்டு ஈரம் பார்த்தாள். "ஆபரேஷன் தியேட்டர்ல ஆளைப் படுக்க வைக்க விரிப்பு இல்லாம நிக்கிறோம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற இடம் பாத்துக்குவேன்," என்றாள். லாண்டரிக்காரர், "ஆகாது சிஸ்டர், மன்னிச்சுக்கங்க," என்று பல தடவை சொன்னார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை காலத்தில் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

லாண்டரி வாசலில் இறங்கியதும் அவர் உள்ளே போய்விட்டார். அவள் பிக்கப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, நீ இல்லன்னுதானே சொன்ன?"

"விடு. முடிஞ்சு போச்சு."

"உனக்குத் தெரியும்ல, நான்தான்னு?"

"எனக்குத் தெரியாம? சின்னப் புள்ளையில இருந்து உன் வேலை அதானே. அப்பா சோத்துல உப்பில்லன்னா, அம்மாகிட்ட போய் சமையல் பிரமாதம்னாருன்னு நிப்ப."

"பள்ளிக்கூட வேலை போயிடுமே."

அவன் ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினான். "போனா போகட்டும். அவருக்கு யார் மேலயாவது கோபப்பட்டாகணும். என் மேல பட்டா என்ன, என் வாசலுக்கு வரமாட்டார். இப்ப மட்டும் வர்றாரா? உன் மேல பட்டா நீ எங்க போவ? ஒரே கூரைக்குள்ள கிடக்கணும். உள்ள போ, நனையாத."

பிக்கப் போய்விட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள்.

உள்ளே கொடியில் போட்டிருந்தவை காய்ந்திருந்தன. நாளைக்குப் போக வேண்டிய விரிப்புகளை மடிக்க வேண்டும். பெரிய விரிப்பை ஒரு ஆளால் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, இழுத்து, நீளவாக்கில் மடித்து, பிறகு நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். லாண்டரிக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து முனைகளைப் பிடித்து நின்றார். அவள் மறுபக்கத்தைப் பிடித்தாள். உதறினார்கள்.

"ஒத்துக்கிட்டார் பாத்தியா," என்றார். "வாய் தவறிடுச்சாம். அந்த வாய்தான் தெரிஞ்சதாச்சே."

சேர்ப்பதற்கு நடந்து வந்தாள். முனையைக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். அடுத்த விரிப்பு.

"இனிமே அவர் சங்காத்தமே வேண்டாம். நீயும் போக வேண்டாம்."

அடுத்த விரிப்பை உதறவில்லை. முனைகளை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணன் கிடையாதுன்னு சொல்லலைங்க."

"என்ன?"

"இல்லன்னுதான் சொன்னான். வண்டிக்கு வரி இல்ல, மாப்பிள்ளைகிட்ட மறக்காம சொல்லிடுன்னான். கிடையாதுங்கறது நான் சொன்னது."

விரிப்பு இருவருக்கும் நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. துவைத்த துணி தரையில் பட்டால் லாண்டரிக்காரர் சும்மா விடமாட்டார். இன்று அதைக் கவனிக்கவே இல்லை.

"எதுக்கு மாத்திச் சொன்ன?"

"மாத்தணும்னு மாத்தல. அண்ணனால உங்களுக்கு ஒரு லாபம்னு சொன்னா சந்தோஷப்படுவீங்கன்னு வாய்ல தானா வந்துடுச்சு. சந்தோஷப்பட்டீங்க."

"அப்ப அவர் ஏன் ஆமான்னார்?"

"எனக்காக."

அவர் தாடை இறுகியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், கண்ணை எடுக்கவில்லை.

"அங்கயே சொல்லியிருக்கலாம்ல? அந்தம்மா உன்னைத்தானே கேட்டுச்சு? நான் புகார் எழுதுறத நின்னு பாத்தியே."

"பயமா இருந்துச்சு."

"ஆபீஸ்காரங்களைப் பாத்தா?"

"உங்களைப் பாத்து."

"என்னையா?" நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. "நான் உன் மேல ஒரு நாள் கை நீட்டியிருக்கேனா? ஒரு கெட்ட வார்த்தை?"

"கெட்ட வார்த்தை என்ன, நல்ல வார்த்தையும்தான் பேச மாட்டீங்களே. அந்தப் பழைய மிஷினை உங்களைக் கேக்காம நான் ரிப்பேர்காரனுக்குக் குடுத்தேன்னு ஒரு மழைக்காலம் முழுக்க என்கூடப் பேசல. இதே இடத்துல, அந்த முனைய நீங்க, இந்த முனைய நான். எத்தனை விரிப்பு மடிச்சோம். கிட்ட வருவீங்க, முனைய வாங்கிட்டுப் போயிடுவீங்க. நான் என்கூட நானே பேசிக்கிட்டிருந்தேன்."

அவர் கையில் இருந்த முனைகளைப் பார்த்தார். தரையில் கிடந்த துணியை வாரி எடுத்து மறுபடி துவைக்கிற குவியலில் போட்டார். மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். அவள் போகவில்லை, அழவும் இல்லை.

"காலையில அந்தத் தாள் போறதுக்குள்ள நான் போய் நின்னுடறேன்," என்றார் கடைசியில், மேஜையைப் பார்த்தபடி. "அபராதம் நம்மளது. அவரைக் கூப்பிட்டுச் சொல்லிடு. அப்படியே ராத்திரி சாப்பிட வரச் சொல்லு."

எப்போதும் போல அவள் கை போனுக்குப் போனது. பாதியில் நின்றது. போனை எடுத்து, அண்ணன் நம்பரைத் தட்டி, அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்ல? நீ பேசு."

"நான் சொன்னா மாறிடும்ங்க," என்றாள்.

அவர் போனை வாங்கினார். சூடான சாமானைப் பிடிப்பது போலப் பிடித்தார். மணி போனது. அண்ணனுக்கு உயரத்தில் நின்று கீழே இருக்கிறவர்களோடு பேசிப் பழகிய தொண்டை, எதிர்முனையில் பேசினால் பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்கும்.

"என்னம்மா தந்தி, இன்னும் கோபமாத்தான் இருக்காரா?" என்றான் அவன். "உன்னை ஒண்ணும் சொல்லலையே? எல்லாத்தையும் என் மேலயே போட்டுடு, தெரியுதா. சாப்பிட்டியா நீ? அவருக்கும் ஏதாவது சூடா குடு, ரொம்ப நனைஞ்சுட்டாரு."

லாண்டரிக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவர் கண் நிறைந்துவிட்டது. அதை அவளிடம் மறைக்கவும் தோன்றாமல் நின்றார்.

"ஏம்மா, பேச மாட்டேங்கிற? லைன்ல இருக்கியா?"

"மச்சான்," என்றார் அவர். போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "நான்தான் பேசுறேன்."